நந்தன் இறங்கிய தீ, கிந்தன் ஏறிய ரயில்

எங்கள் படிப்பகத்துக்கு வருகிற தம்பி ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் அவனைக் காலனி முனையிலேயே இறக்கிவிடும். ஆனால் அவன் அங்கே இறங்குவதில்லை. ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கி, இருட்டில், லாரிகள் பறக்கிற ரோட்டோரமாக நடந்து வருகிறான். அவனுடைய அம்மா என்னிடம் சொல்லி அழுத பிறகுதான் எனக்கே தெரிந்தது. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அங்க இறங்குனா எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்கா. அப்புறம் லைன்ல பேசுற பேச்சே மாறிடும்."

அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எம்.ஏ. சமூகவியல் படிக்க நகரத்துக்குப் போன முதல் ஆறு மாதம் நானும் என் ஊர்ப் பெயரைச் சொன்னேனே தவிர தெருப் பெயரைச் சொன்னதில்லை. அதனால் அறிவுரைக்குப் பதிலாக ஒரு படம் போடலாம் என்று தோன்றியது. சென்ற ஏப்ரலில், பாபாசாகேப் பிறந்தநாளையொட்டி, தண்டலத்தில் படிப்பகச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'நல்ல தம்பி' படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபத்தைப் போட்டுக் காட்டினோம். இருபது பேர் போல வந்தார்கள். படத்தைவிட, அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பேசியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும்.

பட்டணத்துக்கு வந்த பட்டிக்காட்டான்

இடம் மாறி வந்தவனை வைத்துச் சிரிக்க வைப்பது உலக சினிமாவில் பழைய வித்தை. அமெரிக்காவில் 1936-ல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தை இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். சிற்றூர்க்காரன் ஒருவனுக்குத் திடீரென்று இரண்டு கோடி டாலர் சொத்து வருகிறது. நியூயார்க் போகிறான். அங்குள்ள பெரிய மனிதர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். பணத்தை நிலமில்லாத விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் புறப்பட்டதும், கேலி செய்தவர்களே அவனைப் பைத்தியம் என்று கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். காப்ராவுக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருது கிடைத்த படம் இது.

அந்தக் கதைக்கருவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். காஞ்சிபுரத்து அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, என்.எஸ். கிருஷ்ணன் நாயகனாக நடித்து 1949-ல் வந்தது 'நல்ல தம்பி'. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்த கலைவாணர் 1947-ல்தான் விடுதலையானார். படம் வந்த அதே 1949 செப்டம்பரில் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மதுவிலக்குப் பிரச்சாரமும் படத்தில் உண்டு. ஜமீன் சொத்துக்கு வாரிசாகிற கிராமத்தான், பட்டணத்துச் சீமான்கள் நடுவில் திணறி, கடைசியில் அவர்களையே திணறடிக்கிறான்.

ஆனால் இன்றைக்கு அந்தப் படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் ஜமீன் கதையைச் சொல்வதில்லை. கிந்தனார் காலட்சேபத்தைத்தான் சொல்கிறார்கள். படத்துக்குள் ஒரு தனிப் படம் மாதிரி இருக்கும் அது. இடம் மாறிப் போகிறவன் கதைதான் அதுவும். போகிறவன் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் என்பதால் கதையே வேறாகிவிடுகிறது.

நந்தனுக்கு வைத்த தீ

கிந்தன் யார் என்று தெரிய நந்தனைத் தெரிய வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய திருநாளைப்போவார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்குப் போக ஆசைப்படுகிறார். தன் பிறப்பை எண்ணி 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று தள்ளிப்போடுகிறார். கடைசியில் போனால், தீயில் இறங்கி எழுந்தால்தான் உள்ளே வரலாம் என்று ஏற்பாடாகிறது. தீயிலிருந்து பூணூலோடு முனிவராக எழுகிறார், கோயிலுக்குள் போகிறார், பிறகு யாருடைய கண்ணுக்கும் படவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' ஆக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தால்தான் சிதம்பரம் போகலாம் என்பார் அந்த வேதியர். பக்திக் கதைக்குள் பண்ணையடிமை முறை நுழைந்தது அந்த இடத்தில்தான். வேலை நேரம், லீவு, முதலாளி அனுமதி எல்லாம் அதில் இருக்கின்றன. நம் தொழிற்பேட்டையில் பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சுலபமாகப் புரியும்.

பேசும்படம் வந்ததும் நந்தனார் திரைக்கும் வந்தார். 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்று ஊரெல்லாம் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-ல் ஜெமினி எடுத்த நந்தனாரில் தண்டபாணி தேசிகர். நம் தாத்தா பாட்டிகள் இரண்டையும் பார்த்து அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையை நான் கேலி செய்யமாட்டேன். டாக்டர் அம்பேத்கரே 1948-ல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். நந்தன் நம்முடையவன். அவனை எரித்துவிட்டு அதற்கு மோட்சம் என்று பெயர் வைத்த முடிவைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

கிந்தன் ஏறிய ரயில்

கலைவாணர் செய்தது இதுதான்: நந்தனார் காலட்சேபத்தின் அதே ராகம், அதே தோரணை, அதே கதாகாலட்சேபப் பாணி. நந்தன் என்ற பெயரைக் கிந்தன் ஆக்கினார். கதையில் கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். சிதம்பரத்துக்குப் பதில் சென்னைப் பட்டணம், தீக்குப் பதில் ரயில். ஊரில் படிக்க வழியில்லாத பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான்.

நந்தன் உள்ளே போய் மறைந்தான், கிந்தன் திரும்பி வந்தான். எனக்கு இந்தத் திரும்பி வருதல் மிகப் பெரியதாகப் படுகிறது. சாதிக்குச் சங்கடம் தருபவன், படித்து அதிகாரத்தோடு அதே தெருவுக்குத் திரும்புகிறவன்தான். புகை விட்டுக்கொண்டு வருகிற ரயிலைக் கலைவாணர் கொண்டாடுவதும் காரணத்தோடுதான். டிக்கெட் வாங்கியவனுக்கு இடம், இன்ன சாதிக்கு இன்ன பெட்டி என்ற பிரிப்பில்லை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். பஸ்ஸில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த காலம் ஒன்று இதே மாகாணத்தில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், எல்லோரையும் ஏற்ற வேண்டும் என்று பஸ் முதலாளிகளுக்கு உத்தரவு போடவேண்டியிருந்தது. பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை வேண்டி 1924-ல் ரெட்டமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சினிமாக் கொட்டகையும் அந்த ரயில் மாதிரிதான். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகை என்றும், உட்காரும் இடத்தைக் காசு தீர்மானித்தது, பிறப்பு தீர்மானிக்கவில்லை என்றும் கா. சிவத்தம்பி எழுதினார். சரிதான். கூடவே ஒன்றைச் சேர்க்க வேண்டும். யாரிடம் காசு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்புதான் தீர்மானித்தது. அதனால் மணலில் தரை டிக்கெட்டில் யார், பின்னால் நாற்காலியில் யார் என்பது ஊரும் சேரியும் படுத்திருந்த கிடப்பிலேயே அமைந்தது. ஆனாலும் இருட்டில் யார் சிரிக்கிறார்கள் என்று யாராலும் தடுக்க முடியாது.

எங்கள் திரையிடலுக்கு வந்திருந்த எண்பதைத் தொடும் தாத்தா ஒருவர் இதைத் தன் வார்த்தையில் சொன்னார். சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்தவர். "கிந்தன் ஆபீசரா வந்து நிக்கிற எடத்துல நாங்க முன்னால மண்ணுல உக்காந்துகினு விசில் அடிச்சோம். பின்னால சேர்ல சத்தமே இல்ல. வெளிய வந்தா டீக்கடையில எங்களுக்குக் கொட்டாங்குச்சி. ஆனா அன்னிக்கு ராத்திரி மட்டும் அது பெருசா தோணல."

ரயிலை விட்டு இறங்கிய பிறகு

இங்கேதான் நான் கலைவாணரோடு கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது. ரயிலுக்குள் சமத்துவம் இருக்கலாம். ரயிலை விட்டு இறங்கினால்?

பாபாசாகேப் தன் சிறுவயதுச் சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901-ல் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க கோரேகாவ் புறப்படுகிறார். புதுச்சட்டை, தொப்பி. ரயில் பயணம் முழுக்க எந்தச் சிக்கலும் இல்லை. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பில் இருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். 'மஹார்' என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்டிக்கொண்டு, சோறு கையில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழிக்கிறார்கள்.

நம் ரெட்டமலை சீனிவாசனும் எழுதியிருக்கிறார். செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்து கோயம்புத்தூரில் படிக்கப் போனவர். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்ற மாணவர்களோடு பழகாமல், விளையாடாமல், மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போய், விட்டதும் யாரும் கூட வருவதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற அந்தச் சிறிய புத்தகத்தை 1939-ல் வெளியிட்டார். 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து 1893-ல் நடத்தியவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவருக்கும் ஒரு காலத்தில் ஒரு நிறுத்தம் முன்னாடி இறங்க வேண்டியிருந்திருக்கிறது.

பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ சொன்ன ஒரு விஷயம் எம்.ஏ. வகுப்பில் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தனக்குப் பழகிய உலகத்தில் இருப்பவன் தண்ணீரில் இருக்கிற மீன் மாதிரி. தண்ணீரின் கனம் அவனுக்குத் தெரியாது. சாதி இந்துக்கள் பலர் 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்கறா' என்று உண்மையாகவே நம்பிக் கேட்பது இதனால்தான். ஆனால் நம் நிலைமைக்கு இந்த உவமை முழுதாகப் பொருந்தாது. நாம் குளத்தை விட்டுக் கரைக்கு வந்த மீன்கள் இல்லை, குளத்தில் இறங்கவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். மஹாட் குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப் போனது ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கத்தான்.

தண்டலத்துப் பார்வையாளர்கள் சொன்னது

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் பேசியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். "நல்லா இருந்துச்சு. ஆனா அவரு ஆபீசரா வந்தாத்தான் மரியாதையா? சும்மா கிந்தனாவே வந்திருந்தா?" இந்தக் கேள்விக்கு 1949-ன் சீர்திருத்த சினிமாவிடம் பதில் கிடையாது. அந்தப் படத்தை எழுதியவர்களும் எடுத்தவர்களும் நல்ல எண்ணம் கொண்ட மேலிருந்து பார்ப்பவர்கள். ஒருவன் முன்னேறினால் ஊர் திருந்திவிடும் என்று நம்பினார்கள். பையனைப் படிக்க வைக்கும் சமூகம் ஒன்று ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தது. அயோத்திதாசர், ரெட்டமலை, எம்.சி. ராஜா என்று தலைமுறைகள் உழைத்திருந்தன. அது படத்தில் இல்லை. கிந்தன் தனியாக வருகிறான், தனியாகப் போகிறான். இது நியாயமான குறை. அதற்காக அந்தக் காலட்சேபத்தை ஒதுக்கிவிட மாட்டேன். ஏனென்றால், சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதில் அது தெளிவாக இருந்தது. பட்டணத்தைப் பார்த்து மிரளும் கிந்தன் மேல் விழவில்லை. அவனுக்குப் படிப்பை மறுத்த ஊர் மேல் விழுந்தது.

அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் இது தலைகீழானது. பட்டணத்துக்கு வருகிறவனின் பேச்சு, நிறம், பெயர், சாப்பாடு எல்லாம் நகைச்சுவை ஆனது. அடி வாங்குகிறவனைப் பார்த்து அடி வாங்குகிறவர்களே சிரிக்கப் பழகினோம்.

அடுத்துப் பேசியது ஒரு நடுத்தர வயது அண்ணன். "கிந்தன் பட்டணத்துக்குப் போனான். நாங்க எங்கயும் போகல, பட்டணம்தான் எங்க மேல வந்து உக்காந்துச்சு." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதுதான் இந்தப் பகுதியின் வரலாறு. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையின் பலன்தான் பஞ்சமி நிலம். அந்த அறிக்கை பேசியது இந்த மண்ணின் மக்களைப் பற்றித்தான். ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு ஜில்லா. நூறு வருஷம் கழித்து, 1990-களின் இரண்டாம் பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழும்பியது. அதன்பின் வயல் இருந்த இடங்களில் சிப்காட் வளாகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. 2006-ல் செல்போன் தொழிற்சாலை வந்தது, 2014-ல் மூடப்பட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலையாவது கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிவேலை செய்தவர்களுக்கு வேலைதான் போனது. இன்று அவர்கள் பிள்ளைகள் அதே இடத்தில் சீருடை போட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, பிறந்த ஊரிலேயே வெளியூர்க்காரர்கள் மாதிரி நடமாடுகிறார்கள்.

கடைசியாக நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பக்கத்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன் ஒருவனும் வந்திருந்தான். மொழி தெரியாமல் எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தான். நம் பையன் ஒருவன் அவனைக் காட்டி "வடக்கனுக்கு என்னா புரிஞ்சுச்சாம்" என்றான். கொல்லென்று சிரிப்பு. அந்தப் பையன் முகம் வாடியதைப் பார்த்தேன். மணலில் உட்கார்ந்து விசில் அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஒரு நிமிஷம் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டோம். பிறகு விசாரித்ததில், அவன் கிராமத்திலும் அவர்கள் தெரு தனி, கிணறு தனி என்று தெரிந்தது. கிந்தன் கதையை அங்கிருந்தவர்களில் மொழிபெயர்ப்பே இல்லாமல் புரிந்துகொண்டவன் அவனாகத்தான் இருப்பான்.

அந்தத் தம்பி

நான் யாருக்காகப் படம் போட்டேனோ அவன் கடைசிவரை எதுவும் பேசவில்லை. பாயைச் சுருட்டும்போது மெதுவாகச் சொன்னான்: "கிந்தன் ஆபீசர் ஆன பிறகுதான்கா அவன் ஊர்ல எறங்குனான். நானும் பர்மனன்ட் ஆயிட்டு எறங்குறேன்."

படம் அவனுக்குச் சொன்னது அதுதான் என்றால் தவறு அவன் மேல் இல்லை. உயர்ந்து வந்தால்தான் உன் தெருப் பெயரைச் சொல்ல உனக்கு உரிமை என்றுதான் நாம் அவனுக்கு இத்தனை நாளும் சொல்லியிருக்கிறோம். 1950-லேயே அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அந்தப் பிரிவு யாரிடமும் பதவியைக் கேட்கவில்லை. பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். தொழிற்சாலையின் அசெம்பிளி லைனுக்கும் கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு சட்டம், பர்மனன்டுக்கு ஒரு சட்டம் கிடையாது. இதை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஆனால் சட்டம் தெரிந்ததால் மட்டும் ஒருவனால் காலனி முனையில் இறங்கிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். கூட இறங்க நாலு பேர் வேண்டும்.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அதே ஷிப்டில் வேலை செய்யும் நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் காலனி முனையில் சேர்ந்து இறங்குகிறார்கள். அந்தத் தம்பி இன்னும் சேரவில்லை. சேருவான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் 'பரியேறும் பெருமாள்' போடுகிறோம். புளியங்குளத்துப் பையன் சட்டக்கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் தெரியாமல் விழிக்கும் காட்சிகளில் சிரிப்பு வரும். 2018-ல் அதை எழுதி இயக்கிய மாரி செல்வராஜ் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதைச் சேர்ந்து பார்ப்போம். கிந்தனாருக்கும் பரியனுக்கும் நடுவில் இருக்கும் அறுபத்தொன்பது வருஷத்தைப் பற்றிப் பேசுவோம். இந்த முறை அந்த ஒடிசாப் பையனுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். இந்தி தெரிந்த தோழர்கள் வாருங்கள்.

வர முடியாதவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், முதன்முதலில் எந்தக் கொட்டகையில் என்ன படம் பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நம் வரலாறு பாதி அவர்கள் வாயில்தான் இருக்கிறது, அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.